மறுமை என்ற ஒரு சொல்: தமிழில் இஸ்லாம் தன்னை விளக்கிக்கொண்ட கதை

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவர்களின் இலக்கிய வரலாற்றுத் தேர்வுத்தாள்களைத் திருத்திக் கொடுத்தோம். வகுப்புத் தேர்வுதான். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிய வினாவுக்கு ஒரு மாணவி, இஸ்லாமியப் புலவர்களும் மறுமையைப் பாடியிருக்கிறார்கள், எனவே மறுபிறவிக் கொள்கை அவர்களுக்கும் உடன்பாடே என்று எழுதியிருந்தாள். நாம் அதைக் கண்ணுறாமலே கடந்து முழு மதிப்பெண் இட்டிருந்தோம். மறுநாள் துறை அறைக்கு அவளுடைய தோழி வந்தாள். காயல்பட்டினத்துப் பெண். "ஐயா, எங்களுக்கு மறுபிறவி கிடையாது" என்றாள். மதிப்பெண்ணைத் திருத்திவிடுகிறோம் என்றோம். அவள் போகவில்லை. "அப்படியென்றால் நாங்கள் மறுமை என்று சொல்வது தப்பான சொல்லா?" என்று கேட்டாள்.

அன்று எம்மிடம் விடை இல்லை. சங்க நூல்களிலும் குறளிலும் 'மறுமை' எங்கெங்கே வருகிறது என்று எமக்குத் தெரியும். ஒரு முஸ்லிம் வீட்டில் அதே சொல் எந்தப் பொருளில் ஒலிக்கிறது என்பது தெரியாது. இருபதாண்டுகள் தமிழ் கற்பித்த பிறகு இது வெட்கத்துக்குரிய செய்திதான். அதன் பிறகு படித்ததையும் கேட்டறிந்ததையும் தொகுத்து எழுதியதே இக்கட்டுரை. இஸ்லாத்தின் அடிப்படை நம்பிக்கைகளையும் கடமைகளையும் அறிமுகப்படுத்தும் நூல்கள் இன்று பல உள. ஆயினும் தமிழில் அவ்வறிமுகம் எப்படி நிகழ்ந்தது, எந்தச் சொற்களைக் கொண்டு நிகழ்ந்தது என்ற வரலாற்றின் வழியே அந்நம்பிக்கைகளை அணுகினால், நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு அவை தெளிவாகப் புலப்படும் என்று கருதுகிறோம்.

ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குவோம். நபிமொழித் தொகுப்புகளுள் முதன்மையானவற்றில் ஒன்றாகிய 'ஸஹீஹ் முஸ்லிம்' நூலில், உமர் அவர்கள் வாயிலாக அறிவிக்கப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. நபிகள் நாயகமும் தோழர்களும் அமர்ந்திருக்கும் அவைக்கு முன்பின் அறியாத ஒருவர் வருகிறார். தூய வெள்ளாடை, கன்னங்கரிய முடி, பயணம் செய்து வந்த களைப்போ புழுதியோ மேனியில் இல்லை. நபியின் முழங்காலோடு முழங்கால் படும்படி அமர்ந்து கேட்கத் தொடங்குகிறார். இஸ்லாம் என்றால் என்ன? ஈமான் என்றால் என்ன? இஹ்ஸான் என்றால் என்ன? விடை வரும்போதெல்லாம் "உண்மையே உரைத்தீர்" என்கிறார். கேட்பவரே விடையைச் சரிபார்ப்பது கண்டு தோழர்கள் வியக்கிறார்கள். உலகம் முடியும் வேளை எப்போது என்ற கேள்விக்கு மட்டும், கேட்கப்பட்டவர் கேட்டவரைவிட அதிகம் அறிந்தவர் அல்லர் என்ற விடை வருகிறது. வந்தவர் போன பிறகு, அவர் வானவர் ஜிப்ரீல் என்றும், மக்களுக்கு மார்க்கத்தைக் கற்பிக்கவே வந்தார் என்றும் நபியவர்கள் சொல்கிறார்கள்.

அந்த முதல் விடைதான் ஐந்து கடமைகள். அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேறில்லை, முகம்மது அவனுடைய தூதர் என்று சான்று பகர்தல், தொழுகை, ஸகாத்து, ரமலான் நோன்பு, வசதி உடையோர் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் ஹஜ் ஆகியவை. இரண்டாவது விடை ஆறு நம்பிக்கைகள். இறைவன், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதிநாள், நன்மை தீமை யாவும் இறைவனின் நிர்ணயப்படியே என்னும் விதி. மூன்றாவது விடை நடத்தை பற்றியது: இறைவனைக் காண்பது போலவே அவனை வணங்குவது, நீ அவனைக் காணாவிடினும் அவன் உன்னைக் காண்கிறான் என்ற உணர்வோடு இருப்பது. முதலாவது உடலால் செய்வது, இரண்டாவது உள்ளத்தால் ஏற்பது, மூன்றாவது இரண்டையும் இணைப்பது. சூஃபிகள் பெரிதும் பற்றிக்கொண்டது இந்த மூன்றாவதை. தக்கலை பீர்முகம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) ஆகியோரின் பாடல்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வியும் விடையுமாகச் சமயத்தைச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலை ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் சென்று திறம் கேட்கிறாள். சைவ சித்தாந்த சாத்திரங்களுள் 'உண்மை விளக்கம்' மாணவன் கேட்க ஆசிரியன் சொல்லும் நூல். ஆகவே 1572ஆம் ஆண்டு மதுரையில் வண்ணப் பரிமளப் புலவர் என்ற செய்கு இசுஹாக் 'ஆயிர மசலா' என்னும் நூலை அரங்கேற்றியபோது, கேட்டிருந்தோர்க்கு அதன் பொருள் புதிதாக இருந்திருக்கலாம், வடிவம் அந்நியமாக இருந்திருக்காது. மசலா என்றால் வினா. 'அதிசய புராணம்' என்ற பெயரும் இதற்கு உண்டு. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது இதுவே என்பர். இதற்கு முந்திய 'பல்சந்தமாலை'யில் எட்டுப் பாடல்களே களவியற்காரிகை உரையின் புண்ணியத்தில் எஞ்சின.

ஆயிர மசலாவின் கதை இது. அப்துல்லாஹ் இப்னு சலாம் என்ற யூத அறிஞர் தம் கூட்டத்தாரோடு நபியவர்களிடம் வருகிறார். தம் வேதத்தில் தேர்ந்தெடுத்த வினாக்களைத் தொடுக்கிறார். விடைகள் அனைத்தும் பொருந்தவே இஸ்லாத்தை ஏற்கிறார். இப்னு சலாம் வரலாற்றில் வாழ்ந்தவர், மதீனாவைச் சேர்ந்தவர். புகாரியின் நபிமொழித் தொகுப்பில் அவர் கேட்டதாக உள்ளவை மூன்றே கேள்விகள். இறுதி வேளையின் முதல் அடையாளம் எது, சொர்க்கவாசிகள் உண்ணும் முதல் உணவு எது, குழந்தை சிலபோது தந்தையையும் சிலபோது தாயையும் ஒத்திருப்பது ஏன் என்பவை. மூன்றாக இருந்தது மக்கள் வாய்மொழியில் வளர்ந்து ஆயிரமாயிற்று. இரண்டில்லாத ஒன்று எது, மூன்றில்லாத இரண்டு எவை என்று எண்ணடுக்கிச் செல்லும் விடுகதை வரிசையும் இக்கதை மரபில் உண்டு. ஒன்று என்றால் இறைவன்.

இந்தக் கதை சென்ற வழிகள் வியப்புக்குரியவை. 1143ஆம் ஆண்டளவில், க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டர் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்புத் தொகுப்பில், கரிந்தியாவின் ஹெர்மன் இதை இலத்தீனில் ஆக்கினார். நோக்கம் இஸ்லாத்தை அறிந்து மறுப்பது. அதே கதை பாரசீகம், உருது, மலாய், ஜாவனிய மொழிகளில் நம்பிக்கை ஊட்டும் நூலாகப் பரவியது. ஜாவாவில் இதன் பெயர் 'செரத் சமுத்'. ரோனிட் ரிச்சி என்ற ஆய்வாளர் ஜாவனிய, மலாய், தமிழ் வடிவங்களை ஒப்பிட்டு 2011இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். எம் பாடத்திட்டத்திலோ இந்நூலுக்கு இடம் ஒற்றை வரி: ஆசிரியர் பெயர், ஆண்டு, அவ்வளவுதான்.

ஆண்டைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது. பின்னது ஆசிரியரும் மாணவரும் வினாவி விடை கூறும் முறையில் அமைந்த கத்தோலிக்க ஞானோபதேசம். அண்டிரிக் அடிகளாரின் உழைப்பு. ஆக, ஏழே ஆண்டு இடைவெளியில் இரண்டு சமயங்கள் வினாவிடை வடிவில் தம்மைத் தமிழுக்கு அறிமுகம் செய்துகொண்டன. ஒன்று செய்யுளில், மற்றொன்று உரைநடையில். முத்துக்குளித்துறையில் போர்த்துகேயரும் முஸ்லிம் வணிகரும் கப்பலேறிப் போரிட்ட காலமும் அதுவே. 1538இல் வேதாளைக் கரையில் நடந்த போரில் பலர் மாண்டனர். கடலில் வாள், கரையில் வினாவிடை. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வகுப்பு ஒன்று நடத்த வேண்டும் என்பது எம் நெடுநாள் ஆசை.

இனிச் சொற்களுக்கு வருவோம். திருப்புல்லாணிக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவுத்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்கு அரசன் நிலம் விட்ட செய்தியை அது கூறுகிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கான கொடை பொறிக்கப்பட்டிருப்பதை எல்லோரும் நல்லிணக்கச் சான்றாக எடுத்துக்காட்டுவர். நல்லதுதான். எமக்கு அதைவிட முக்கியமாகப்படுவது 'பள்ளி' என்ற சொல். சமணர் உறைந்த குகையும் பள்ளி, பௌத்தர் விகாரையும் பள்ளி. சைவ, வைணவக் கோயிலை அச்சொல் குறிக்கவில்லை. உருவ வழிபாடில்லாத ஒரு தொழுமிடத்தைக் கண்ட தமிழர், அதைக் கோயில் என்று அழைக்காமல் பள்ளி என்று அழைத்தார்கள். மலையாளக் கரையில் கிறித்தவரின் தேவாலயத்துக்கும் அதே சொல் சென்றது. வேற்றுச் சமயத்தார் கூடும் இடம் என்று வேறுபடுத்தும் நோக்கம் இதில் இருந்திருக்கலாம் என்பது எம் ஊகம். கீழக்கரைப் பழைய பள்ளிகளின் கல்தூண்களைப் பார்த்தவர்கள் இதை உணர்வார்கள். தூணும் போதிகையும் கோயிற் சிற்பியின் கைவண்ணம். ஆனால் யாளி இல்லை, பாவை இல்லை. பூவும் கொடியும் மட்டும்.

'தொழுகை' இதைவிட நுட்பமானது. தொழுதல் என்றால் பழைய தமிழில் கைகூப்புதல். ஞாயிற்றையும் பிறையையும் தெய்வத்தையும் கைகூப்பித் தொழுதனர். முஸ்லிம்களின் தொழுகையிலோ கைகூப்புதலே இல்லை. முகம், முழங்கை வரை கை, தலை, கணுக்கால் வரை கால் என்று ஒளு செய்து தூய்மையாகி, மக்காவிலுள்ள கஅபாவின் திசை நோக்கி, அதாவது நம் நாட்டில் மேற்கே சற்று வடக்கு ஒதுங்கி, நிற்கிறார்கள். கைகளை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தொடங்கிக் கைகளைக் கட்டிக்கொள்கிறார்கள். நின்று ஓதுகிறார்கள், குனிகிறார்கள், நிமிர்கிறார்கள், நெற்றி தரையில் பட இரண்டு முறை சிரம் பணிகிறார்கள். இந்தச் சுற்று ஒரு ரக்அத்து. சுபுஹுக்கு இரண்டு, லுஹருக்கு நான்கு, அசருக்கு நான்கு, மக்ரிபுக்கு மூன்று, இஷாவுக்கு நான்கு என நாளொன்றுக்குக் கடமையான ரக்அத்துகள் பதினேழு. கைகூப்பலைக் குறித்த வினைச்சொல் நெற்றி நிலத்தில் படுவதைக் குறிக்கும் பெயராயிற்று. சொல் பழையது, உடல் புதியது. இன்று 'தொழுகை' என்றதும் தமிழர் எவர்க்கும் மனத்தில் தோன்றுவது முஸ்லிமின் வணக்கமே. பழம்பொருளை வென்று புதுப்பொருள் முழுமையாகக் குடியேறிவிட்டது.

ஐந்து வேளை என்ற கணக்கு எப்படி வந்தது? நபியவர்களின் விண்ணேற்றத்தில் முதலில் விதிக்கப்பட்டவை ஐம்பது வேளைகள் என்பர். திரும்பும் வழியில் மூஸா நபி, உம் மக்கள் தாங்க மாட்டார்கள், குறைத்துக் கேளும் என்று மீண்டும் மீண்டும் அனுப்ப, ஐந்தாகக் குறைந்தது. ஐந்தைத் தொழுதால் ஐம்பதின் பலன் என்று முடிகிறது அந்நிகழ்ச்சி. ஆலிப் புலவரின் 'மிகுராசு மாலை' இந்த விண்ணேற்றத்தைப் பாடும் நூல். மனிதனின் இயலாமைக்காக ஒரு நபி இன்னொரு நபியிடம் வாதாடும் இக்காட்சி, இறைவனை அணுகும் முறை பற்றி நாம் கொண்டிருக்கும் பல முன்முடிவுகளைக் கலைத்துவிடுகிறது.

நமாஸ் என்பது பாரசீகச் சொல். உருது பேசுவோர் அதையே சொல்வர். நோன்பை அவர்கள் ரோஜா என்பர்; அதுவும் பாரசீகம். மலாய் முஸ்லிம்கள் நோன்பைப் 'புவாசா' என்கிறார்கள், வடமொழி உபவாசம் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்கு அது நோன்பு. மார்கழிப் பாவையரின் நோன்பும் சமணத் துறவியரின் நோன்பும் கைமாறித் தந்த சொல். ஈதுக்குப் பெருநாள். மலாயில் 'ஹரி ராயா' என்பதற்கும் பெருநாள் என்றே பொருள். கடல்வழியே இஸ்லாத்தைப் பெற்ற இரண்டு கரைகளும் ஒரே மாதிரி சிந்தித்திருக்கின்றன.

கடல்வழி, தரைவழி என்ற வேறுபாட்டை ஒரே எழுத்தில் கேட்கலாம். நோன்பு மாதத்தின் அரபுப் பெயரில் வரும் 'ழாத்' என்ற எழுத்தின் ஒலி அரபியருக்கே உரியது. பாரசீகம் வழியாக வந்தவர்கள் அதை 'ஸ' ஆக்கி ரம்ஸான் என்றனர். அரபியரோடு நேரே பழகிய கரையோரத் தமிழர் அதை லகர, ளகர, ழகரங்களால் ஏற்று ரமலான், ரமளான், ரமழான் என்றனர். 'வுழூ' ஒளுவானதும் இப்படித்தான். ழகரம் உள்ள மொழிக்கு அந்த எழுத்து அவ்வளவு எட்டாததாகத் தோன்றவில்லை போலும். நாட்காட்டிகளில் ரம்ஜான் என்று அச்சிடுவோர் தில்லி, தக்காண வழியை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த கடற்கரையைக் கேட்கவில்லை. சட்ட மரபிலும் இவ்வேறுபாடு உண்டு. கரையோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி வழியினர். இராவுத்தர்களும் உருது பேசுவோரும் ஹனஃபி வழியினர். அசர் தொழுகையின் நேரம் ஷாஃபிகளுக்கு முன்னதாகவே தொடங்கும். பொருளின் நிழல் அதன் அளவை எட்டினால் போதும். ஹனஃபி மரபில் இருமடங்காக வேண்டும். ஆகவே ஒரே ஊரில் இரண்டு பள்ளிகளின் பாங்கொலி சில வேளைகளில் முன்பின்னாகக் கேட்பதுண்டு. அது பூசலன்று, நிழலளவைக் கணக்கு.

நோன்பு ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அதாவது 624இல், கடமையாக்கப்பட்டது. வைகறை வெளுக்கத் தொடங்குவது முதல் கதிரவன் மறையும் வரை உணவும் நீரும் தாம்பத்திய உறவும் இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, பின்னர் நோற்றுக்கொள்ளலாம். ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் மாதம் ஒவ்வோராண்டும் ஏறத்தாழ பதினொரு நாள் முந்தி வரும். முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஒரே மனிதன் தன் வாழ்நாளில் சித்திரை வெயிலிலும் நோற்கிறான், மார்கழிக் குளிரிலும் நோற்கிறான். சஹர் நேரத்தில் தாயிரா அடித்துப் பாடி ஊரை எழுப்பும் பக்கீர்களையும், மாலையில் பள்ளியில் வாங்கி வரும் தேங்காய்ப்பால் மணக்கும் நோன்புக் கஞ்சியையும் எம் இளமைக்கால ஊர் நினைவாகவே வைத்திருக்கிறோம். தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகளும் உண்டு, நாமும் நின்றிருக்கிறோம்.

இத்தனை தமிழ்ச்சொல் கண்ட சமூகம் ஸகாத்தையும் ஹஜ்ஜையும் ஏன் பெயர்க்கவில்லை? 'ஏழைவரி' என்பது பிற்கால ஆக்கம், அதுவும் வீட்டுப் பேச்சில் ஒட்டவில்லை. தமிழில் ஈகை உண்டு, கொடை உண்டு, தருமம் உண்டு. அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது என்பதே காரணம் என்று நினைக்கிறோம். ஈகையின் புகழ் ஈபவன் விருப்பத்தில் இருக்கிறது. பாரியும் குமணனும் அளந்து கொடுத்தார்கள் என்று யாராவது பாடியிருந்தால் அது வசையாகியிருக்கும். ஸகாத்து அளந்து கொடுப்பது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல், தங்கமாயின் ஏறத்தாழ 85 கிராம், ஒரு சந்திர ஆண்டு கையில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. வானம் பார்த்த விளைச்சலில் பத்தில் ஒன்று. உழைத்து நீர் பாய்ச்சிய விளைச்சலில் இருபதில் ஒன்று. உழவனின் வியர்வைக்குச் சட்டம் தந்த தள்ளுபடி இது. பெறுவதற்குரியோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுக்கிறது. வறியவர், கடன்பட்டவர், வழிப்போக்கர், அடிமைத்தளையிலிருந்து விடுபட வேண்டியோர் ஆகியோர் அவர்களுள் சிலர். அது கொடுப்பவனின் பெருமை அன்று, பெறுபவனின் உரிமை. விருப்பக் கொடைக்கு 'சதக்கா' என்று வேறு சொல்லே உண்டு. வள்ளல் சீதக்காதியைத் தமிழ் பாடிய பாட்டெல்லாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. முதலாவதைப் பாட்டால் பாட முடியாது. கணக்குப் பேரேட்டில்தான் எழுத முடியும்.

ஹஜ்ஜும் அவ்வாறே. யாத்திரை என்றால் காசிக்கும் போகலாம், இராமேசுவரத்துக்கும் போகலாம். ஹஜ் ஓரிடம், ஒரு காலம். துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள் அறஃபாத் வெளியில் நிற்காதவருக்கு ஹஜ் இல்லை. தையல் இல்லாத இரு துணிகளில் ஆண்கள் அனைவரும் நிற்கும் அந்த வேளைக்கு வேறு பெயர் வைத்தால் இடமும் காலமும் நழுவிவிடும்.

ஆக, மொழிபெயர்ப்பில் ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. அன்றாடம் வீட்டிலும் தெருவிலும் செய்வதற்கு ஊர்ச்சொல். அளவும் எல்லையும் பிசகக் கூடாததற்கு அரபுச்சொல். இது யாரும் கூடி முடிவெடுத்த ஒழுங்கு அன்று. ஆலிம்களும் புலவர்களும் மாலுமிகளும் பாட்டிமார்களும் சில நூற்றாண்டுகள் பேசிப் பேசி அமைத்தது. சீறாப்புராணத்தை மட்டும் படித்து, உமறுப்புலவர் அரபு நாட்டில் தமிழ் வயலைக் கண்டார் என்று வியந்து நின்றுவிடும் எம்மனோர் இந்த உழைப்பைக் காண்பதில்லை. நாட்டுப்படலத்தின் வயலும் குளமும் காப்பிய மரபு. அம்மரபுக்குள் இறைவன் ஒருவன், இணையற்றவன், பிறவாதவன், உருவற்றவன் என்ற கொள்கை பிசகாமல் காப்பது வேறு வேலை. அந்த வேலையைச் செய்தது ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்த கை.

அந்தக் கை சற்றே நடுங்கிய இடங்களும் உண்டு. மாணவியின் கேள்விக்கு இங்கேதான் வருகிறோம். 'விதி' ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் ஊழ் என்றும் விதி என்றும் வழங்குவதன் பின்னால் முன்வினை நிற்கிறது. செய்தவனையே வந்து சேரும் வினை. இஸ்லாத்தின் 'கத்ரு' அதுவன்று. முன்பிறவியே இல்லாதபோது முன்வினை எங்கே? அது இறைவனின் முன்னறிவும் நிர்ணயமும். அப்படியானால் மனிதன் தன் செயலுக்கு எப்படிப் பொறுப்பாவான் என்ற கேள்வி இஸ்லாமிய உலகை ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே உலுக்கியது. மனிதனே தன் செயலை உண்டாக்குகிறான் என்றனர் முஃதஸிலாக்கள். செயலைப் படைப்பவன் இறைவன், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன், ஈட்டியதற்கே கணக்கு என்றார் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அல்அஷ்அரி. வள்ளுவர் ஊழுக்கு ஓரதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓரதிகாரமும் வைத்ததை நினைத்துக்கொண்டால் இவ்வாதத்தின் சூடு நமக்குப் புரியும். சிக்கல் ஒன்றே, தீர்வுகள் வேறு. சொல் மட்டும் ஒன்றாக இருப்பதால் தீர்வும் ஒன்றென்று மயங்குகிறோம்.

'மறுமை'யும் அத்தகையதே. தமிழில் மறுமை என்பது அடுத்த பிறப்பாகவும் இருந்திருக்கிறது, மேலுலக வாழ்வாகவும் இருந்திருக்கிறது. பழம்பாடல்களில் இரண்டும் கலந்தே வரும். முஸ்லிம்கள் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இம்மை என்பது ஒரே ஒரு வாழ்வு. சாவு. கபுறு. பின் நெடுங்காலம் கழித்து எல்லோரும் ஒருசேர எழுப்பப்படும் கியாமத்து நாள். செயல்களை நிறுக்கும் தராசு. அதன் பின் முடிவில்லாத சொர்க்கமோ நரகமோ. சக்கரம் கிடையாது, நேர்கோடு மட்டுமே. இந்தப் பிறவியில் விட்டதை அடுத்ததில் பிடிக்கலாம் என்ற ஆறுதலும் இல்லை, எத்தனை பிறவி எடுத்து இளைப்பது என்ற ஆயாசமும் இல்லை. மாணிக்கவாசகரிடம் கேட்கும் அந்தக் களைப்பு இஸ்லாமியப் புலவர்களிடம் இல்லாமல் போனதற்கும், அவர்களின் முனாஜாத்துகளில் கேட்கும் அவசரத்துக்கும் காரணம் இதுவே என்று எமக்குத் தோன்றுகிறது. கேட்பதற்கு ஒரே வாழ்வுதான் இருக்கிறது.

தப்பான சொல்லா என்று அவள் கேட்டாளே, இல்லை. அவளுடைய முன்னோர்கள் அந்தச் சொல்லை அறியாமல் எடுக்கவில்லை. அதன் பாதியை வெட்டிவிட்டு மறுபாதியைக் குடியமர்த்தினார்கள். வெட்டியது தெரியாமல் படித்தது நாம். அடுத்த வாரம் இதை வகுப்பில் சொன்னோம். அவள் எழுந்து, "எங்கள் வாப்பிச்சி மறுமை என்று சொல்ல மாட்டார்கள் ஐயா, ஆகிரத்து என்றுதான் சொல்வார்கள்" என்றாள். வகுப்பு சிரித்தது. எம் ஒழுங்குக் கொள்கையில் ஒரு விரிசலை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் படித்து முடித்துச் சென்ற பின் ஒரு மழைக்கால மாலையில், எம்முடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் தந்தையார் மறைந்து, மையவாடிவரை சென்றிருந்தோம். சந்தூக்கிலிருந்து இறக்கி, தலை வடக்கே இருக்க, வலப்பக்கமாகச் சாய்த்து முகம் மேற்கு நோக்கும்படி வைத்தார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று எம் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் இட்டோம். எல்லோரும் விலகத் தொடங்கியபோது, லெப்பை தலைமாட்டில் குந்தி அமர்ந்து தாழ்ந்த குரலில் அரபியில் ஏதோ சொல்லலானார். தல்கீன் என்றார் நண்பர். கபுறில் முன்கர், நக்கீர் என்ற இரு வானவர்கள் வந்து கேட்பார்களாம். உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று. இறந்தவர் பதற்றத்தில் மறந்துவிடக் கூடாதே என்று விடைகளை நினைவூட்டுகிறார்கள்.

"வாப்பாவுக்கு அரபி தெரியாது" என்றார் நண்பர். சிறிது தூரம் நடந்த பின், "தமிழில்தான் பதில் சொல்லியிருப்பார்கள்" என்றார்.